மரச் சோங்கா, செயற்கைச் சோங்கா? பழைய வேட்டை ரைபிள்களைப் பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேயிலைத் தோட்டத்தில் பெரிய வேலை பார்த்த அப்பப்பாவிடமிருந்து வந்த ரைபிள், சுடும் பயிற்சிக்காக உரிமத்தோடு வாங்கிய ரைபிள், வெளிநாட்டில் வேட்டைக்குப் போகும் உறவினரின் ரைபிள் என்று பல துவக்குகளைப் பற்றிய கேள்விகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: மரச் சோங்கை (ரைபிளின் இரும்பைத் தாங்கித் தோளில் சாயும் கட்டையை) வைத்திருப்பதா, கழற்றிவிட்டுச் செயற்கைச் சோங்கு போடுவதா? என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பழைய ரைபிளில் மரம் இருக்கட்டும். ஆனால் கொழும்பின் காற்றில் மரம் தானாகத் தப்பாது, அதற்கு நீங்கள் உழைக்க வேண்டும்.

இலங்கையில் வேட்டைக்கே இடமில்லையே, பிறகு இந்தப் பேச்சு எதற்கு?

மான், மரை முதலிய விலங்குகளை இங்கே சட்டம் பாதுகாக்கிறது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். இந்தப் பக்கம் வேட்டைக்கு வழி சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல. நூறு வருடத்துக்கு முன் கைத்திறனோடு செய்யப்பட்ட ஒரு பொருள், உரிமத்தோடு உங்கள் அலுமாரியில் இருக்கிறது. அதைக் கெடாமல் காப்பது எப்படி என்பதே இங்கே விஷயம்.

சோங்கு வெறும் கைப்பிடிதானே? அது எதனால் செய்யப்பட்டிருந்தால் என்ன?

கைப்பிடி மட்டும் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ரைபிளின் இரும்பு உடல் சோங்குக்குள் குடைந்த பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. மவுசர் 98 போன்ற ரைபிள்களில் இரண்டு திருகாணிகள் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. சுடும்போது வரும் பின்னுதைப்பை, உடலின் அடியில் இருக்கும் ஒரு சிறிய இரும்பு முண்டு மரத்தின் மீது இறக்குகிறது. அந்த முண்டு சாயும் இடம் சிறிது நசுங்கினாலும், குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டை வளைந்து குழலைத் தள்ளினாலும், நேற்று பட்ட இடத்தில் இன்று குண்டு படாது. அதனால் எந்தச் சோங்கு என்று கேட்பவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த உட்காருமிடம் அசையாமல் இருக்குமா என்பதைத்தான்.

வால்நட் மரத்தையே ஏன் எல்லோரும் தேர்ந்தெடுத்தார்கள்?

பாரமும் பலமும் அதில் அளவாகச் சேர்ந்திருக்கின்றன. நன்றாக உலர்ந்தபின் மற்ற மரங்களைவிடக் குறைவாக முறுக்கும். உளியால் நுணுக்கமாகக் குடையலாம், விளிம்பு பிய்யாது. கை வழுக்காமலிருக்கக் கைப்பிடிப் பகுதியில் வெட்டும் வைரக்கோடுகள் கூர்மையாக நிற்கும். ஐரோப்பிய வால்நட்டும் அமெரிக்கக் கறுப்பு வால்நட்டும் வேறு வேறு இனங்கள். பழைய ஆங்கில ரைபிள்களில் பெரும்பாலும் முதலாவதும், வின்செஸ்டர், ரெமிங்டன் போன்றவற்றில் இரண்டாவதும் இருக்கும்.

கொழும்பின் ஈரம் மரத்தை உண்மையில் என்ன செய்கிறது?

இதற்குத்தான் நீளமான பதில் தேவை.

மரம் வெட்டி எத்தனை வருடமானாலும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் வழக்கமாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் நீண்ட நாள் இருக்கும் மரத்தில் அதன் எடையில் 15, 16 சதவீதம் நீர் சேரும். 50 சதவீத ஈரப்பதன் உள்ள ஏசி அறையில் அது 9 சதவீதத்தை நெருங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வரும்போது மரம் அகலத்தில் விரியும், சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. அகலத்திலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில்லை. ஆண்டு வளையங்களின் வழியாக ஏற்படும் மாற்றம், வளையங்களுக்குக் குறுக்கே ஏற்படுவதைவிட அதிகம். சோங்கு சமமாக வீங்காமல் ஒரு பக்கம் முறுக்குவது இதனால்தான்.

விளைவு மூன்று விதமாகத் தெரியும். முன்கட்டை வளைந்து குழலை ஒரு பக்கம் தள்ளும், அப்புறம் குறி இடமோ வலமோ நகரும். வீங்கும்போது மரம் திருகாணிகளுக்கு எதிராகத் தன்னையே நசுக்கிக்கொள்ளும், உலர்ந்ததும் அதே திருகாணிகள் தளர்ந்து நிற்கும். மூன்றாவது, இரும்பு உடலின் பின்முனையில் நீளும் பின்வாலுக்குப் பின்னால் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பவர் தப்பினார். அதோடு தொடர்ந்து சுட்டால் கைப்பிடியின் கழுத்து பிளக்கும்.

ஈரம் எங்கே நுழைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியில் பளபளவென்று பூச்சு இருக்கும். ஆனால் மரத்தின் நார் வெட்டுண்ட முனைகளின் வழியாக ஈரம் நுழையும் வேகம் பக்கவாட்டில் நுழைவதைவிடப் பல மடங்கு. அந்த முனைகள் இருப்பது தோளில் சாயும் தட்டுக்கு அடியிலும், இரும்பு உட்காரும் பள்ளத்துக்குள்ளும், முன்கட்டையின் நுனியிலும். பழைய தொழிற்சாலைத் துவக்குகளில் இந்த இடங்கள் பூச்சே காணாமல் வெறும் மரமாக இருப்பது சாதாரணம். தட்டைக் கழற்றி உள்ளே பூச்சுப் போடுவது அரை மணி நேர வேலை. கொழும்பில் ஒரு மரச் சோங்குக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.

செயற்கைச் சோங்கு எல்லாம் ஒரே மாதிரியானவையா?

இல்லவே இல்லை. கடையில் வாங்குபவர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

மலிவானவை, உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றிச் செய்யப்பட்டவை. முன்கட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் குழலைத் தொடும் அளவுக்கு அவற்றுள் சில வளையும். உள்ளே வெறுமையாக இருப்பதால் கிளை உரசினாலே சத்தம் வரும். நைலோனும் ஈரத்தைக் குடிக்கும் பொருள்தான், மரத்தைப் போல முறுக்காது என்பது மட்டும் வித்தியாசம். ஆனாலும் அந்த வகையை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. 1959இல் ரெமிங்டன் வெளியிட்ட நைலோன் 66 என்ற .22 ரைபிள், முழு உடலும் நைலோனாக இருந்தும் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. சிறிய தோட்டாவுக்கு அது போதும்.

அடுத்தது கண்ணாடி நாரையும் பிசினையும் கையால் அடுக்கிச் செய்தவை. இவை விறைப்பானவை, ஈரத்தால் அளவு மாறாது. இவற்றின் பெருமைக்குப் பின்னால் நம் காலநிலை போன்ற ஒரு காலநிலையின் கதை இருக்கிறது. 1966இல் அமெரிக்க மரைன் படையினர், வால்நட் சோங்கு போட்ட ரெமிங்டன் 700ஐ எம்40 என்ற பெயரில் குறிசுடுநர் ரைபிளாக எடுத்தார்கள். வியட்நாமின் மழையிலும் புழுக்கத்திலும் அந்த மரம் வீங்கிக் குழலை அழுத்தியது, குறி நிலைக்கவில்லை. 1970களில் வந்த எம்40ஏ1 ரைபிளுக்கு மக்மிலன் நிறுவனத்தின் கண்ணாடி நார்ச் சோங்கைப் போட்டார்கள். செயற்கைச் சோங்கின் பக்கம் நிற்பவர்களுக்கு இதைவிட நல்ல வாதம் கிடையாது, அந்த வாதத்தை நான் மறுக்கவும் மாட்டேன்.

கார்பன் நார்ச் சோங்கு இன்னும் எடை குறைந்தது, விலை மிக அதிகம். மலையேறி வேட்டையாடும் நாடுகளில் அதற்குப் பொருள் இருக்கிறது. இங்கே இல்லை.

செயற்கைச் சோங்கு போட்டால் துருப் பயம் போய்விடும்தானே?

போகாது. காலி வீதியிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். உப்புக் காற்று நீலம் ஏற்றிய இரும்பைத் தாக்குகிறது, சோங்கு எதனால் ஆனது என்று அது பார்ப்பதில்லை. இன்னும் சொன்னால், செயற்கைச் சோங்கு வைத்திருப்பவர்தான் அதிகம் இழக்கிறார். மரம் வைத்திருப்பவர் பயத்தில் அடிக்கடி கழற்றித் துடைப்பார். பிளாஸ்டிக் வைத்திருப்பவர் "இதற்கு ஒன்றும் ஆகாது" என்று விட்டுவிடுவார். குழலின் அடிப்பக்கம், சோங்கின் பள்ளத்துக்குள் மறைந்திருக்கும் பகுதி, அங்கேதான் ஈரம் தேங்கித் துரு பிடிக்கும். வெளியில் ஒரு புள்ளி கூடத் தெரியாது.

மழையில் நனைந்தால் எந்தச் சோங்காக இருந்தாலும் அன்றே கழற்ற வேண்டும். மற்றபடி மழைக்காலத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை உடலைத் தூக்கிப் பார்த்து, அடியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சோ மெழுகோ கொடுங்கள்.

எந்த ரைபிளில் சோங்கை மாற்றவே கூடாது?

முதலில் இரட்டைக்குழல் ரைபிள்கள். அவற்றில் பலவற்றின் விசைப்பூட்டுகள் (சுடும் பொறிகள்) மரத்துக்குள்ளேயே குடைந்து பொருத்தப்பட்டவை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்யப்பட்டதால் ஆயத்தமாக வாங்கிப் பொருத்த எதுவும் இல்லை.

அடுத்தது 1903இல் தொடங்கிய மான்லிக்கர்-ஷோனாவர். குழலின் வாய் வரை மரம் ஓடும் அந்த வடிவம்தான் அதன் அடையாளம். உண்மையைச் சொன்னால், ஈரத்துக்கு இதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டிய சோங்கு இல்லை, ஏனென்றால் மரம் குழலோடு முழு நீளத்துக்கும் ஓடுகிறது. அப்படியிருந்தும் அதை வெட்டுவதையோ மாற்றுவதையோ நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைச் சுடாமல் நல்ல இடத்தில் வைத்திருங்கள், அல்லது குறி சிறிது நகரும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு, 1936இல் தொடங்கி 1964க்கு முன் செய்யப்பட்ட வின்செஸ்டர் மாடல் 70. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடுவது அசல் சோங்கோடு இருப்பதைத்தான். அசல் மரம் போனால் விலையில் பெரும்பகுதி போய்விடும். றிக்பி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற இலண்டன் தயாரிப்பாளர்களின் துவக்குகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

மாறாக, 1962க்குப் பின் பெருந்தொகையாக வந்த சாதாரண ரெமிங்டன் 700, அல்லது யாரோ ஏற்கெனவே வெட்டி மாற்றிவிட்ட இராணுவ மவுசர் என்றால் தாராளமாக மாற்றலாம். அசலைத் தூக்கி எறியாதீர்கள், அவ்வளவுதான்.

லீ-என்பீல்ட் .303 வைத்திருக்கிறோம். அதற்கும் இதே கணக்கா?

அதன் சோங்கு இரண்டு துண்டு. பின்கட்டையை நீண்ட ஒரு ஆணி உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கிறது. முன்கட்டையின் பின்முனை உடலோடு இறுக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மரம் சுருங்கி அங்கே இடைவெளி விழுந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் உடல் மரத்தை இடித்து முன்கட்டையைப் பின்புறம் பிளக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டை ஆணியைத் திருப்பவும் வேண்டாம். அந்த ஆணியின் நுனி முன்கட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வகைகள் உண்டு, திருப்பினால் மரம் உடனே வெடிக்கும்.

லேமினேட் சோங்கு நடுவழியா?

ஆம், நல்ல நடுவழி. மெல்லிய மரத் தகடுகளைப் பிசின் போட்டு அழுத்தி ஒட்டியது. ஒரு தகடு ஒரு பக்கம் முறுக்கப் பார்த்தால் அடுத்தது அதைத் தடுக்கும். ஜெர்மனியர் 1930களின் இறுதியிலேயே தங்கள் இராணுவ மவுசர்களுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வால்நட்டைவிடப் பாரம் அதிகம். கலர் கலராகச் சாயமேற்றிய தகடுகளை விடுத்து ஒரே நிறமாக எடுத்தால் பழைய ரைபிளுக்கும் பொருந்தும். கொழும்பில் அடிக்கடி சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோகும் ரைபிள் என்றால் என் முதல் தெரிவு இதுதான்.

எடை குறைந்தால் நல்லதுதானே?

தூக்கிக்கொண்டு நடக்கும்போது நல்லது, தோளுக்கு நல்லதல்ல. அதே தோட்டாவைச் சுடும்போது பின்னுதைப்பின் சக்தி துவக்கின் எடை குறையும் அளவுக்கு ஏறும். 4 கிலோ ரைபிளை 3.6 கிலோவாக்கினால் உதைப்பு ஏறக்குறைய 11 சதவீதம் கூடும். 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற பெரிய தோட்டாவில் அந்த 11 சதவீதத்தை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இங்கேயே முதிரையிலோ தேக்கிலோ புதுச் சோங்கு செய்ய முடியாதா?

முதிரை அழகு, ஆனால் மிகப் பாரம், உளிக்கு முரண்டு பிடிக்கும். கருங்காலியும் அப்படியே. தேக்கு ஈரத்தில் நன்றாக நிற்கும், ஆனால் அதன் இயல்பான எண்ணெய் பசையையும் பூச்சையும் பிடிக்கவிடாது. மொறட்டுவையில் அற்புதமான தச்சர்கள் இருக்கிறார்கள், தளபாடத்தில் அவர்கள் கைக்கு ஈடில்லை. ஆனால் சோங்கு குடைவது தனித் தொழில். இரும்பு உட்காரும் பள்ளம் தாள் கனம் பிசகினாலும் பின்னுதைப்பு தவறான இடத்தில் இறங்கி மரத்தைப் பிளக்கும். உடைந்த பகுதியில் ஒட்டுப்போடவோ நுனியில் அலங்காரத் துண்டு வைக்கவோ உள்ளூர் மரத்தைப் பயன்படுத்துங்கள். முழுச் சோங்குக்கு வேண்டாம்.

எண்ணெய்ப் பூச்சா, வார்னிஷா?

ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு பார்க்க அழகு, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். ஆனால் ஈரத்தைத் தடுப்பதில் அது பலவீனம், காற்றோட்டமில்லாத அலுமாரியில் அதன்மேல் பூஞ்சணமும் வரும். பொலியூரித்தேன் வார்னிஷ் ஈரத்தின் வேகத்தை நன்றாகக் குறைக்கும். எந்தப் பூச்சும் முழுதாக நிறுத்தாது. அதனால் நான் சொல்வது இரண்டும்: கண்ணுக்குத் தெரியாத முனைகளிலும் பள்ளத்துக்குள்ளும் வார்னிஷ் அல்லது மெல்லிய எபொக்சிப் பிசின், வெளியில் அசல் எண்ணெய்ப் பூச்சு, அதன்மேல் மெழுகு. பள்ளத்துக்குள் கனமாகப் பூசாதீர்கள், இரும்பு உட்காராது.

ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து வெளியில் போடுங்கள்.

மரத்தின் மேற்பகுதி கறுத்து மெதுமெதுவென்றிருக்கிறது. பழுதாகிவிட்டதா?

பல வருடம் துவக்கெண்ணெய் ஊறியிருக்கிறது. துவக்கை நிமிர்த்தி வைத்தால் உடலில் இட்ட எண்ணெய் எல்லாம் கீழிறங்கி மரத்தின் தலைப்பகுதிக்குள் போகும், அங்கே நார் இளகும். இரும்பைக் கழற்றிவிட்டு, வைட்டிங் பொடியை (நுண்ணிய சுண்ணாம்புக்கல் தூளை) அசிட்டோனில் குழைத்துப் பூசுங்கள். காயும்போது அது எண்ணெயை உறிஞ்சி மேலே இழுக்கும். பலமுறை செய்ய வேண்டிவரும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள். பிறகு துவக்கைக் குழல்வாய் கீழே இருக்கும்படி வைத்துப் பழகுங்கள்.

பள்ளமாக அடிபட்ட இடத்தில் நார் அறாமல் இருந்தால், ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியின் நுனியால் ஆவி காட்டினால் மேலே எழும். சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். வைரக்கோடுகளும் இரும்போடு மரம் சேரும் விளிம்பும் ஒருமுறை தேய்ந்தால் திரும்பி வராது.

மரத்தை வைத்துக்கொண்டே குறி நகராமல் செய்ய வழி உண்டா?

உண்டு. திருகாணிகள் போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளை வைத்து, இரும்பு உட்காருமிடத்தில் எபொக்சிப் படுக்கை போடலாம். மரம் வீங்கினாலும் சுருங்கினாலும் இரும்பு கடினமான படுக்கையில்தான் உட்காரும். குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் ஒரு தாள் தடையின்றி ஓடும் அளவுக்கு இடைவெளி விட்டால் வளைவின் தொல்லையும் குறையும். சேகரிப்பு மதிப்புள்ள துவக்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

தேவையா என்று பார்க்க எளிய சோதனை: துவக்கில் தோட்டா இல்லை என்று இருமுறை உறுதிசெய்துவிட்டு, குழலும் முன்கட்டை நுனியும் சேருமிடத்தில் விரல் வைத்து முன் திருகாணியை மெல்லத் தளர்த்துங்கள். விரலுக்குக் குழல் நகர்வது தெரிந்தால் உடல் முறுக்கத்தில் இருக்கிறது. திரும்ப இறுக்கும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். வெறும் மரத்துக்கு 4 நியூட்டன் மீற்றரை ஒட்டிய இறுக்கம் போதும். அலுமினியக் கட்டை பதித்த செயற்கைச் சோங்கு 7 வரை தாங்கும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி.

ஏசி அறையில் வைத்தால் போதுமா?

இரவில் மட்டும் ஓடும் ஏசி உதவியைவிடத் தொல்லையே அதிகம், மரம் தினமும் விரிந்து சுருங்கும். பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் 50 சதவீதத்தை ஒட்டி ஒரே நிலையாக வைத்திருப்பதே நோக்கம். சின்ன ஈரமானி ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்த வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். தோல் உறையிலும் பஞ்சு பதித்த பெட்டியிலும் நீண்ட நாள் வைக்க வேண்டாம். இரண்டும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டவைக்கும்.

இன்னொன்று. கொழும்புக் காற்றின் பனிநிலை (அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும். 22 பாகை அறையிலிருந்து குளிர்ந்த துவக்கை வெளியே எடுத்தால் இரும்பின் மேல் உடனே நீர் துளிர்க்கும், சோங்குக்கு அடியிலும்தான். உறையோடு வெளியே எடுத்து, சூடு சமமானபின் திறவுங்கள்.

அண்ணா கனடாவில் இருக்கிறார். அப்பாவின் ரைபிளைச் சட்டப்படி அங்கே அனுப்பினால் மரத்துக்கு என்ன ஆகும்?

இங்கே 15 சதவீத ஈரத்தில் பழகிய மரம், சூடாக்கிய வீட்டின் குளிர்காலக் காற்றில் 6 சதவீதம் வரை இறங்கும். 45 மில்லிமீற்றர் அகலமான வால்நட் பகுதி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் சுருங்கும். பின்வாலுக்குப் பின்னால் வெடிப்பதும் தோள்தட்டு விளிம்பு வெளியே நீட்டுவதும் இதனால்தான். கோடையில் அனுப்புங்கள். முதல் குளிர்காலம் முழுக்கச் சுடாமல், ஈரப்பதன் சட்டென்று இறங்காத அறையில் வைத்து, மாதத்துக்கொருமுறை திருகாணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பனியில் வேட்டைக்குப் போக அவருக்கு வேறு ரைபிள் வேண்டும், அதில் கண்ணாடி நார்ச் சோங்கு இருக்கட்டும்.

செயற்கைச் சோங்கை வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுக்கலாமா?

அனுமதி கேட்காமல் எடுக்காதீர்கள். சுங்கத்துக்கு அது துவக்கின் பாகம், வெறும் பிளாஸ்டிக் துண்டல்ல. உங்கள் உரிமத்தைக் கையாளும் அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் பணம் கட்டுங்கள். பொருத்துவதையும் உரிமம் பெற்ற திருத்துநரிடமே கொடுங்கள்.

மாற்றிவிட்டோம். கழற்றிய அசல் சோங்கை எப்படி வைப்பது?

பொலித்தீனில் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெயைத் துடைத்து, முனைகளுக்குப் பூச்சுப் போட்டு, திருகாணிகளையும் தோள்தட்டையும் ஒரு துணிப்பையில் கட்டி அதோடு சேர்த்து வையுங்கள். எந்த இலக்கத் துவக்குக்குரியது என்று சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும், இரண்டு இடத்தில் தாங்கல் கொடுத்துப் படுக்க வையுங்கள். கறையானுக்கும் வண்டுக்கும் எட்டாத இரும்பு அலுமாரியே நல்லது. மரத்துக்கடியில் மெல்லிய மாப்போலத் தூள் விழுந்திருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அந்தச் சோங்கை மற்ற மரங்களிலிருந்து அன்றே பிரித்துவிட்டு, மரப்பூச்சிக்கு மருந்து அடிப்பவரை வரவழையுங்கள்.